செஞ்சிக்கு எந்த வண்டி?

செஞ்சிக் கோட்டையில், கல்யாண மகாலின் நிழலில் நின்று ராஜகிரிக் குன்றை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஹாரன் சத்தம் கேட்டது. நீளமாக இரண்டு, குட்டையாக ஒன்று. எங்கள் பஸ்தான். "முக்கால் மணி நேரம்தான் சார், அண்ணாமலையார் நடை சாத்துறதுக்குள்ள போயாகணும்" என்று இறக்கிவிடும்போதே டூர்காரர் சொல்லியிருந்தார். அந்த முக்கால் மணியில் டிக்கெட் வரிசைக்குப் பத்து நிமிடம் போனது. கழிப்பறைக்குப் பத்து. குரங்கு பிடுங்கிப்போன வாழைப்பழத்துக்காக அழுத பையனைச் சமாதானப்படுத்த ஐந்து. மிச்ச நேரத்தில் ஓட்டமும் நடையுமாகக் கல்யாண மகால் வரை வந்திருந்தேன். ராஜகிரியின் உச்சியை அன்று நான் பார்த்தது, திருவண்ணாமலை போகும் பஸ்ஸின் பின்பக்கக் கண்ணாடி வழியாக.

இதே கோட்டையைப் பிடிக்க ஔரங்கசீப்பின் படை 1690 முதல் 1698 வரை எட்டு ஆண்டுகள் வெளியே கிடந்தது. எங்களுக்கு 45 நிமிடம்!

2025 ஜூலையில் பாரிஸில் கூடிய யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழு, மராட்டியர்களின் 12 கோட்டைகளைப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில். பன்னிரண்டாவது நம்முடைய செஞ்சி. அதற்குப் பிறகு எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒருமுறையாவது ஒரு கேள்வி வந்துவிடுகிறது: "செஞ்சி போகலாமா? கார் எடுக்கலாமா, பஸ் பேசலாமா?" பதிலுக்குக் கட்டைவிரல்கள் குவியும். அதோடு சரி. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்காகத்தான்.

நாங்கள் இருப்பது வேலப்பன்சாவடி. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலுக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே, திருவேற்காட்டுக்குத் திரும்புகிற இடம். சாவடி என்றாலே வழிப்போக்கர் இளைப்பாறும் இடம். இப்போது யாரும் இளைப்பாறுவதில்லை, எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ஆனால் சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு மேம்பாலத்தின் அடியில் நின்று பாருங்கள். நெற்றியில் "ஆன்மிகச் சுற்றுலா" பேனர் கட்டிய பஸ்கள், வாழைமரம் கட்டிய வேன்கள், பின்சீட்டில் தலையணையோடு பிள்ளைகள் தூங்கும் மஞ்சள் போர்டு கார்கள், கல்லூரி விடுதியிலிருந்து வாடகைக் காரில் கிளம்பும் மாணவர்கள்... ஊரே எங்கோ போய்க்கொண்டிருக்கும்.

கோட்டைக்குப் போக இதைவிடத் தோதான இடம் சென்னையில் குறைவு. நேரே மேற்கே போனால் ஆற்காடு, வேலூர். மதுரவாயல் பைபாஸில் தெற்கே இறங்கினால் பெருங்களத்தூர், திண்டிவனம், செஞ்சி. நகரத்து நெரிசலைத் தொடாமலே இரண்டு பக்கமும் கிளம்பிவிடலாம்.

பஸ்ஸுக்குத் தெரிந்தது கோயில்

நம் ஊர் டூர் பஸ்ஸின் இலக்கணமே கோயிலுக்காக எழுதப்பட்டது. அறுபடை வீடு, நவக்கிரகம், ஆடி மாத அம்மன் தரிசனம், பௌர்ணமி கிரிவலம், ஒரு நாள் திருப்பதி. நடை திறக்கும் நேரம், சாத்தும் நேரம், மதியச் சாப்பாடு, அடுத்த கோயில். ஐம்பது பேரை ஒரே நேரத்தில் இறக்கி ஒரே நேரத்தில் ஏற்றலாம். பாட்டியும் பேரனும் ஒரே வரிசையில்தான் நிற்பார்கள். யாருக்கும் குறை இல்லை.

கோட்டை அப்படிப்பட்டதல்ல. அதைக் கட்டியவன், யாரும் சுலபமாக வந்துவிடக் கூடாது என்றுதானே கட்டினான்! ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஐம்பது பேரில் பதினைந்து பேர் ஏறுவார்கள். இருபது பேர் பாதியில் உட்கார்ந்துவிடுவார்கள். மிச்சப்பேர் பஸ்ஸைவிட்டே இறங்க மாட்டார்கள். இறங்காதவர்கள்தான் ஹாரன் அடிக்கச் சொல்வார்கள்.

பூந்தமல்லி, ஆவடிப் பக்கம் நான்கைந்து டூர்காரர்களிடம் விசாரித்தேன். கோட்டைக்கென்று ஒரு பயணமும் எவரிடமும் இல்லை. "திருவண்ணாமலை போற வழில காட்டறோம் சார்" என்றார்கள். காட்டுவார்கள்தான். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டால் நன்றாகவே தெரியும். திருப்பதிக்குப் போய்வரும் டூர் பஸ்களும் இப்படித்தான். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் சந்திரகிரிக் கோட்டை இருக்கிறது. விஜயநகர அரசர்கள் கடைசிக் காலத்தில் இருந்த இடம், ராஜமகால் இன்னும் கம்பீரமாக நிற்கிறது. லட்டு வாங்கியவுடன் பஸ் சென்னைப் பக்கம் திரும்பிவிடும்.

ஆகவே "பஸ் டூரா, வாடகைக் காரா" என்ற கேள்வியில் பஸ் டூர் பாதியிலேயே கழன்றுகொள்கிறது. ஆனால் பஸ் கழன்றுகொள்ளவில்லை. அரசுப் பஸ் இருக்கிறதே!

வேலூருக்குக் கார் வேண்டாம்

வேலூர்க் கோட்டைக்குக் கார் எடுப்பதை வீண் செலவு என்றே சொல்வேன். கோயம்பேட்டில் கிளம்பும் வேலூர் பஸ்ஸைப் பூந்தமல்லியில் பிடிக்கலாம். சனிக்கிழமை காலையில் ஸ்ரீபெரும்புதூர் வரை நிற்க வேண்டியிருக்கும், அதற்குப் பிறகு சீட் கிடைக்கும். டிக்கெட் இருநூறு ரூபாய்க்குள். போக இரண்டரை, மூன்று மணி நேரம். புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி ஆட்டோவோ டவுன் பஸ்ஸோ பிடித்தால் கோட்டை வாசல். ஊருக்கு நடுவே, சமதரையில், நாலாபுறமும் அகழியோடு. ஏற வேண்டிய படி என்று சொல்லும்படி எதுவும் இல்லை. எழுபது வயது அப்பாவை நிதானமாக நடத்திக்கொண்டு போகலாம்.

வழியில் ஜன்னல் பக்கம் கிடைத்தால் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 1751 ஆகஸ்ட் இறுதியில் ராபர்ட் கிளைவ் 200 ஐரோப்பியர்களையும் 300 சிப்பாய்களையும் கூட்டிக்கொண்டு மதராஸிலிருந்து காஞ்சிபுரம் வழியாக ஆற்காட்டுக்கு நடந்தான். இடி, மழைக்கு நடுவே ஐந்தாறு நாள் ஆனது. போய்க் கோட்டையைப் பிடித்துவிட்டு, பிறகு அதற்குள்ளேயே 50 நாள் முற்றுகையில் மாட்டிக்கொண்டான். அந்தக் கோட்டையில் இன்று சொல்லிக்கொள்ளும்படி மிஞ்சியிருப்பது டெல்லி கேட் வாசல்தான். அதற்காக ஆற்காட்டில் இறங்கி அடுத்த பஸ் பிடிப்பது அவரவர் ஆர்வத்தைப் பொறுத்தது. நான் ஒருமுறை இறங்கினேன். இன்னொருமுறை இறங்க மாட்டேன்.

வேலூர்க் கோட்டை 16-ஆம் நூற்றாண்டில் சின்ன பொம்மி நாயக்கர் காலத்தில் எழுந்தது. சுமார் 133 ஏக்கர். உள்ளே கோயில், மசூதி, தேவாலயம், அருங்காட்சியகம், அரசு அலுவலகங்கள் எல்லாம் உண்டு. திப்பு சுல்தான் 1799-இல் வீழ்ந்த பிறகு அவர் பிள்ளைகளையும் குடும்பத்தையும் இங்கேதான் வைத்திருந்தார்கள். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனும் இங்கே சிறையிருந்து 1832-இல் இறந்தான். 1806 ஜூலை 10 அதிகாலையில் சிப்பாய்கள் எழுந்து கோட்டையைக் கைப்பற்றியதும் இதே சுவர்களுக்குள்தான். புதுத் தலைப்பாகை உத்தரவில் மூண்ட தீ அது. செய்தி கேட்டு ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்தான். சுமார் 25 கிலோமீட்டர். அன்று காலையே எல்லாம் முடிந்துபோனது. உங்கள் பஸ் அதே தூரத்தை அரைமணியில் கடக்கும்போது ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்தில் அவசரப்படாதீர்கள். மூலவர் இல்லாமல் நெடுங்காலம் கிடந்த கோயில் இது. 1981-இல்தான் மறுபடி வழிபாடு வந்தது. மண்டபத்தில் காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு சிற்பம் உண்டு. உள்ளங்கையால் ஒரு பக்கத்து உடலை மறைத்தால் காளை. கையை மாற்றினால் யானை. போன முறை ஒரு சிறுமி அங்கே நின்று "இது காளை... இது ஆனை... இது காளை" என்று ஓயாமல் கையை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அரசுப் பஸ்ஸில் வந்தவர்கள் போலிருக்கிறது. அடுத்த வண்டி கால்மணியில் வரும், அதைவிட்டால் அதற்கடுத்தது. இந்த நிம்மதியை எந்த வாடகைக் காரும் தராது. கார் எடுத்தவனுக்கு மீட்டர் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆவடி, அம்பத்தூர்க்காரர்கள் ரயிலில் காட்பாடி போய் இறங்குவது இன்னும் சுகம்.

செஞ்சிக்கு வேறு கணக்கு

செஞ்சிக்கு அரசுப் பஸ்ஸில் போக முடியாதா? முடியும், நான் போயிருக்கிறேன். திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகும் வண்டிகள் இப்போது கிளாம்பாக்கத்திலிருந்து கிளம்புகின்றன. வேலப்பன்சாவடியிலிருந்து கிளாம்பாக்கம் போவதற்கே மதுரவாயலிலோ பூந்தமல்லியிலோ மாறி ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். நெற்றியில் "திருவண்ணாமலை" என்று பார்த்தவுடன் ஏறிவிடவும் கூடாது. ஆற்காடு, ஆரணி, போளூர் வழியாகப் போகும் வண்டியும் உண்டு. அது செஞ்சிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. ஒழுங்காக ஏறிச் செஞ்சி பஸ் நிலையத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்துக் கோட்டை வாசலுக்குப் போனால் மணி பதினொன்றாகியிருக்கும். வெயில் உச்சிக்கு வந்துவிடும். பாறை சுடத் தொடங்கிவிடும்.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ராஜகிரி ஏற விடுவதில்லை. ஐந்து மணிக்கெல்லாம் கோட்டையை மூடிவிடுவார்கள். காலை ஒன்பதுக்குத் திறக்கும்போதே வாசலில் நின்றால்தான் வெயில் ஏறுவதற்குள் உச்சியைத் தொட முடியும். அதற்கு வேலப்பன்சாவடியில் ஐந்தரை, ஆறுக்குள் கிளம்பியாக வேண்டும். வழியில் இட்லி சாப்பிட நிறுத்தினாலும் கணக்கு சரியாக வரும். இந்த ஒரு காரணத்துக்காகவே செஞ்சிக்குக் கார் என்கிறேன்.

சரி, எந்தக் கார்? நீங்களே ஓட்டும் வாடகைக் காரா, டிரைவரோடு வரும் வண்டியா?

சென்ற முறை பேசியபோது எனக்குச் சொன்ன விலை இது: சிறிய செடான் கிலோமீட்டருக்கு 14 ரூபாய், டிரைவர் பேட்டா 400, டோல் தனி. போகவர 300 கிலோமீட்டர் என்று வைத்தால் டோலோடு சேர்த்து ஐயாயிரம் சொச்சம். நாலு பேர் பகிர்ந்தால் தலைக்கு 1,250 பக்கம் வரும். நாமே ஓட்டும் காருக்கு ஒரு நாள் வாடகை 2,500 என்றார்கள். "பாதி விலை!" என்று நண்பன் துள்ளினான். நூறு ரூபாயைத் தொட்டுவிட்ட பெட்ரோல் இருபது லிட்டர் போட்டு, டோல் கட்டி, திருப்பி விட்டபோது பார்த்தால் வித்தியாசம் ஓர் இரவுச் சாப்பாட்டுக்குக்கூடத் தேறவில்லை. போதாததற்கு, சக்கர மூடியில் இருந்த ஒரு பழைய கீறலுக்காக முன்பணத்தில் பிடித்தம் செய்தார்கள். சாவி வாங்கும்போதே வண்டியைச் சுற்றி வந்து செல்போனில் ஒரு வீடியோ எடுத்திருந்தால் வாயடைத்திருக்கலாம். நான் எடுக்கவில்லை. நீங்கள் எடுங்கள்.

ஆனால் பணத்தைவிடப் பெரிய காரணம் கால். ராஜகிரி ஏறுவதுகூடப் பரவாயில்லை. முதலில் அகலப் படிகள், பிறகு வாசல் மேல் வாசல், நடுவில் கமலக்கண்ணியம்மன் கோயில். அங்கே காற்று வரும், உட்காரலாம். அதற்கு மேலே படிகள் ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது அரையடி என்று ஒழுங்கில்லாமல் போகும். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. அந்தப் பிளவின் மேல் ஒரு சிறு பாலம். அந்தக் காலத்தில் அது மரப்பாலம், தூக்கிவிட்டால் உச்சி தனித்தீவு. ஒரு கைப்பிடி ஆட்களை வைத்துக்கொண்டு ஒரு படையையே நிறுத்தலாம் என்பது, அங்கே நின்று கீழே பார்க்கும்போது உங்கள் வயிற்றுக்கே புரியும். மேலே ரங்கநாதர் கோயில், தானியக் களஞ்சியம், பீரங்கி, காற்று. எதிரே கிருஷ்ணகிரி, அந்தப் பக்கம் சந்திரகிரி. மூன்று குன்றையும் சேர்த்துக் கட்டிய மதில் சுமார் 13 கிலோமீட்டர். அங்கிருந்து பார்த்தால்தான் அது ஒரே கோட்டை என்று பிடிபடுகிறது.

பிறகு இறங்க வேண்டுமே! இறங்கும்போதுதான் தொடை நடுங்கும். கீழே வந்து சேரும்போது இரண்டு முட்டியும் நம்முடையதல்ல. அப்படியே போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கிளட்ச் மிதித்தேன். ஆத்தூர் டோலில் ஞாயிற்றுக்கிழமைச் சாயங்கால வரிசையில் நின்று நின்று நகர்ந்ததில் இடது ஆடுசதை பிடித்துக்கொண்டது. பின்னால் வண்டிகள் அலறுகின்றன, நான் சீட்டில் துடிக்கிறேன். அன்றே முடிவு செய்தேன்: மலைக்கோட்டைக்கு டிரைவர் இல்லாமல் போவதில்லை.

அடுத்த முறை மஞ்சள் போர்டு வண்டியில் போனோம். டிரைவர் அண்ணன் புளியமர நிழலில் வண்டியைப் போட்டுவிட்டு சீட்டைச் சாய்த்துக்கொண்டார். "நீங்களும் மேல வாங்கண்ணே" என்றேன். "மூணு தடவ வந்துருக்கேன் சார், ஒரு தடவகூட ஏறுனதில்ல. வண்டிய யாரு பாக்கறது? கொரங்கு வைப்பரப் பிச்சிடும்" என்றார். நாங்கள் தள்ளாடி வந்தபோது அவர் தூங்கி எழுந்து முகம் கழுவித் தெளிவாக இருந்தார். நான் வண்டலூர் தாண்டித்தான் கண் விழித்தேன்.

போகும்போது ஜி.எஸ்.டி. சாலை, வரும்போது வேறு வழி என்று மாற்றிக்கொள்ளவும் காரில் முடியும். அன்று வந்தவாசி, காஞ்சிபுரம் வழியாக வரலாமா என்று அவரே கேட்டார். எங்களுக்குத் தெம்பில்லை. அதற்கடுத்த முறை வந்தோம். 1760 ஜனவரியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதி, தென்னிந்தியா யாருக்கு என்று முடிவான ஊர் வந்தவாசி. இப்போது அங்கே கோட்டையைத் தேடினால் சிதிலம்தான். கோரைப்பாய் நன்றாகக் கிடைக்கும். இரண்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு வந்தோம். பஸ் டூரில் இதெல்லாம் நடக்குமா?

வண்டி பேசும்போது ஒன்று. சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு காரைத் தெரிந்தவர் மூலம் குறைந்த வாடகைக்குத் தருவார்கள். எங்கள் பக்கம் இது சர்வசாதாரணம். சட்டப்படி அது வாடகை வண்டி இல்லை. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் கைவிரிக்கலாம். டிரைவரோடு வரும் வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. நாமே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. இந்த இரண்டைத் தவிர வேறெதிலும் ஏறாதீர்கள். திருப்பதிப் பக்கத்துச் சந்திரகிரிக் கோட்டைக்குப் போவதானால் ஆந்திரா பர்மிட்டையும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

நாமே ஓட்டும் கார் எதற்கும் உதவாதா என்றால், கடற்கரைக்கு உதவும். சதுரங்கப்பட்டினத்தின் டச்சுக் கோட்டையும், அங்கிருந்து தெற்கே கடப்பாக்கம் அருகே கழிமுகத்தை ஒட்டி நிற்கும் ஆலம்பரைக் கோட்டையும் படியேறத் தேவையில்லாத இடங்கள். இரண்டுக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம் போதும், மிச்சமெல்லாம் ஈ.சி.ஆர். சாலைதான். ஓட்டுவதே அங்கே பாதிச் சந்தோஷம்.

மியூனிக்கில் இருக்கும் என் சித்தி மகளிடம் இதையெல்லாம் புலம்பினேன். அவள் சிரித்தாள். பெற்றோரை அழைத்துக்கொண்டு நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்குக் காரில் போயிருக்கிறாள். பவேரிய மன்னன் இரண்டாம் லூட்விக் 1869-இல் கட்டத் தொடங்கிய கனவு மாளிகை அது. அங்கே கார் எடுத்துப் போனாலும் அடிவாரக் கிராமத்தில் நிறுத்திவிட்டு, நடந்தோ, சிறு பஸ்ஸிலோ, குதிரை வண்டியிலோதான் மேலே போக முடியும். டிக்கெட்டில் நுழையும் நேரம் அச்சடித்திருக்கும். அரைமணி நேரச் சுற்று. தவறவிட்டால் போச்சு. அதனால் மியூனிக்கிலிருந்து பஸ் டூரில் வருகிறவருக்கும் காரில் வருகிறவருக்கும் உள்ளே கிடைப்பது ஒரே அரைமணிதான் என்றாள். செஞ்சி பட்டியலில் ஏறிய அதே 2025 ஜூலைக் கூட்டத்தில்தான் லூட்விக்கின் மாளிகைகளும் ஏறின. அங்கே போக ரயில் உண்டு, ரயிலடியிலிருந்து பஸ் உண்டு, அடிவாரத்திலிருந்து மேலே ஏற்றிவிட இன்னொரு பஸ்ஸும் உண்டு. இங்கே செஞ்சி பஸ் நிலையத்தில் இறங்கி ஆட்டோவிடம் பேரம் பேச வேண்டும்.

என் தீர்ப்பு இதுதான். வேலூருக்கு அரசுப் பஸ். செஞ்சிக்கு மஞ்சள் போர்டு கார், எட்டுப் பத்துப் பேர் என்றால் வேன். ஆலம்பரைக்கு நாமே ஓட்டும் வண்டி. கோயிலும் வேண்டும், போகிற வழியில் கோட்டையும் வேண்டும் என்கிறவர்கள் டூர் பஸ்ஸில் தாராளமாக ஏறலாம், ஜன்னல் சீட்டை மட்டும் முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்கு ஒரு வேண்டுகோள். திருப்பதிக்கும் காஞ்சிபுரம் - மாமல்லபுரத்துக்கும் ஒரு நாள் பயணம் நடத்தத் தெரிந்தவர்கள் நீங்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் செஞ்சிக்கென்றே ஒரு பஸ் விடுங்கள். வழியில் எந்தக் கோயிலும் வேண்டாம். ஒன்பது மணிக்குக் கோட்டை வாசலில் இறக்கிவிட்டு, இரண்டு மணி வரை ஹாரன் அடிக்காமல் இருந்தால் போதும். வேலப்பன்சாவடி மேம்பாலத்தின் அடியில் ஒரு நிமிடம் நிறுத்தினால் நாங்கள் ஏறிக்கொள்கிறோம்.